குளோமெரிஸ் மல்மிவாகா: நிறக்கோலத்தின் மேல் எழுந்த ஒரு பரவல் வரைபடம்

உருண்டை மரவட்டைகளான குளோமெரிடே குடும்பத்தின் ஐரோப்பியச் சிற்றினங்களைப் பிரிப்பதில் முதுகுத் தகடுகளின் நிறக்கோலத்துக்கு அளவுக்கு மீறிய இடம் தரப்பட்டுவிட்டது. பிற மரவட்டைகளில் ஆணின் இனப்பெருக்கக் கால்களே சிற்றினத்தைக் காட்டிக்கொடுக்கும். குளோமெரிஸ் பேரினத்தில் அவற்றுக்கு ஈடான டெலோபோடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் ஆய்வாளர்கள் புள்ளிகளையும் பட்டைகளையும் நம்பினர். அந்தப் பிரிப்பே பரவல் வரைபடங்களுக்கும் அடிப்படையாயிற்று.

கார்ல் வெர்ஹோஃப் 1912இல் விவரித்த குளோமெரிஸ் மல்மிவாகா இதற்குத் தக்க சான்று. ஜெர்மனியில் வாழும் இது, குளோமெரிடா வரிசையில் அந்நாட்டுக்கே உரிய ஒரே சிற்றினமாக நூறாண்டுக்கு மேல் எண்ணப்பட்டது. இதை ஏற்றால், பனியூழியின் கடுங்குளிரை ஆல்ப்ஸுக்கு வடக்கே தாங்கிப் பிழைத்த ஒரு தொல்வழியையும் ஏற்றாக வேண்டும். அத்தகைய பெரிய முடிவைச் சில நிறப்புள்ளிகள் தாங்குமா? தாங்காது என்பதே என் துணிபு. 2015இல் வெளியான டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டு ஆய்வு, இதைக் கோக் 1847இல் பெயரிட்ட குளோமெரிஸ் ஓர்னாட்டாவின் மறுபெயராகவே கண்டது. ஓர்னாட்டாவோ தென்கிழக்கு ஆல்ப்ஸ், ஸ்லோவேனியா பகுதிகளுக்கு உரியது.

அந்த ஆய்வு நம்பிய, தாய்வழி வரும் ஒற்றை மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்துத் தீர்ப்பெழுதலாமா என்ற தயக்கம் நியாயமானது. உட்கரு மரபணுக்களையும் ஒப்பிடும் வரை இறுதிச்சொல் என்று எதையும் கூற மாட்டேன். ஆயினும் பழங்கலப்பால் அந்த மரபணு ஒரு சிற்றினத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கலாம் என்ற மறுப்பு தன்னையே வெட்டிக்கொள்கிறது: கலப்பு நேர அவை ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும், கூடி இனம்பெருக்கியவற்றை நிறத்தால் மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜெர்மானியக் கூட்டத்தில் நிறம் மாறாமல் இருக்கிறது என்பதும் வலுவான வாதமன்று. ஒதுங்கிய சிறு கூட்டத்தில் ஒரு கோலம் நிலைபெறுவது இயல்பே. குளோமெரிஸ் மார்ஜினாட்டாவில் கருநிற உயிரிகளோடு மஞ்சளும் பழுப்பும் கலந்தவையும் ஒரே சிற்றினத்துக்குள் இருப்பதை யாரும் மறுப்பதில்லை.

நிறத்தை அறவே விலக்கச் சொல்லவில்லை. மார்புக் கேடயத்தின் வரிப்பள்ளங்களோடு சேர்த்துப் பார்க்கையில் களத்தில் அது பயன்படுகிறது. தனித்து நின்று ஒரு சிற்றினத்தை நிறுவும் தகுதிதான் அதற்கு இல்லை.

மறுபெயர் என்று ஏற்றபின்பே பரவல் பற்றிய கேள்வி கூர்மையடைகிறது. ஓர்னாட்டா விலகி நிற்கும் இரு பகுதிகளில் ஏன் வாழ்கிறது? பனி விலகியபின் தென்கிழக்கிலிருந்து அது பரவி, பின்னர் இடைப்பட்ட கூட்டங்கள் அழிந்திருக்கலாம். அல்லது மண்ணோடும் செடியோடும் மனிதர் அதைக் கொண்டுவந்திருக்கலாம். முதலாவதையே நான் ஏற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: வருகை அண்மைக்கால மனிதச் செயலாக இருந்தால், ஜெர்மானியக் கூட்டத்தின் மரபணு வேறுபாடுகள் மிகக் குறைவாகவும், மூலக் கூட்டம் ஒன்றினுள் முழுமையாக அடங்குவனவாகவும் இருக்க வேண்டும்; அப்படித் தெரிந்தால் முதலாவதைக் கைவிடுவேன். இரு பகுதிகளிலிருந்தும் போதிய மாதிரிகளைத் திரட்டினால் இதைச் சோதித்துவிடலாம். அந்தச் சோதனையின் முடிவு எதுவாயினும், மல்மிவாகாவை ஜெர்மனிக்கே உரிய சிற்றினமாகக் காட்டும் பட்டியல்களில் அந்தப் பதிவு ஓர்னாட்டாவின் கீழ் மாற்றப்பட வேண்டும்.