வார்த்தைப்பாடு இல்லாத மடங்கள்: பெனடிக்ட் மரபில் பெண்கள்

புனித பெனடிக்ட் கி.பி. 530 வாக்கில் இத்தாலியின் மோந்தே கசினோ குன்றில் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. மடத்தில் சேர வருபவரை எப்படிச் சோதித்து ஏற்க வேண்டும் என்பதை 58ஆம் அதிகாரம் சொல்கிறது. வந்தவரை உடனே உள்ளே விடக்கூடாது. வாசலில் சில நாள் காக்க வைக்க வேண்டும். பின்பு ஓராண்டுப் பயிற்சியின்போது ஒழுங்குநூல் முழுவதையும் அவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகும் அவர் மனம் மாறாதிருந்தால் மூன்று வாக்குகள் தருகிறார். அந்த இடத்திலேயே நிலைத்திருப்பது, வாழ்க்கையை நாளும் திருத்திக்கொள்வது, கீழ்ப்படிவது ஆகியவையே அவை. துறவறம் என்றதும் இன்று நினைவுக்கு வரும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள் அந்த வடிவில் இந்த நூலில் கிடையாது. அவை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சட்ட உருவம் பெற்றவை. துறவிகள் வெளியே சுற்றித் திரியாதபடி தண்ணீர், மாவு ஆலை, தோட்டம் எல்லாம் மடத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று பெனடிக்ட் சொல்கிறார். ஆனால் பயணம் போகிறவர்களுக்கும் வெளியே வேலை பார்ப்பவர்களுக்கும் அவரே விதிகளும் வகுத்திருக்கிறார்.

இந்த நூலைக் கையில் எடுத்த பெண்கள் மீது பிற்காலச் சட்டம் சுமத்திய பாரம் மிகப் பெரிது. ஒழுங்குநூலின்படி வாழ விரும்பி, சட்டம் கேட்ட வார்த்தைப்பாட்டையோ, மடத்து மதிலைத் தாண்டக்கூடாது என்ற அடைப்பையோ ஏற்க முடியாத பெண்கள் ஒவ்வொரு காலத்திலும் வேறொரு வழி கண்டார்கள். வார்த்தைப்பாடு இல்லாத பெனடிக்டைன் சமூகம் 20ஆம் நூற்றாண்டின் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாறு உண்டு. அதை ஒட்டிய முன்வடிவங்கள் இன்னும் பழையவை.

816இல் பேரரசன் லூயியின் ஆட்சியில் ஆஹென் நகரில் கூடிய திருச்சபை மன்றம், பெனடிக்டின் ஒழுங்குநூலைப் பின்பற்றும் கன்னியரிலிருந்து வேறுபட்ட இன்னொரு வகைப் பெண்களுக்கும் தனி ஒழுங்கு வகுத்தது. இவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், வேளை தவறாமல் திருப்பாடல்களைப் பாடினார்கள். ஆனால் சொந்தச் சொத்தையும் பணிப்பெண்களையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருந்தது. பின்னாளில் இத்தகைய இல்லங்களில் தலைவி தவிர மற்றவர்கள் விரும்பினால் வெளியேறி மணம் முடிக்கவும் வழி இருந்தது. ஜெர்மனியின் எசன், கண்டர்ஸ்ஹைம், குவெட்லின்பர்க் ஆகியவை இந்த வகையில் புகழ்பெற்றவை. பத்தாம் நூற்றாண்டில் லத்தீனில் ஆறு நாடகங்கள் எழுதிய ஹ்ரோட்ஸ்வித் கண்டர்ஸ்ஹைமில் வாழ்ந்தவர். இவர்களைப் பெனடிக்டைன்கள் என்று சொல்வது சரியாகாது. ஆனாலும் வாழ்நாள் வார்த்தைப்பாடு இல்லாமல் பொது வழிபாட்டையும் பொது வாழ்வையும் நடத்த முடியும் என்பதை இவர்கள் முன்பே காட்டிவிட்டார்கள்.

1298இல் நிலைமை மாறியது. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் வெளியிட்ட ஆணை, உலகெங்கும் உள்ள எல்லாச் சபைகளின் கன்னியரும் மடத்து மதிலுக்குள்ளேயே இறுதிவரை இருக்க வேண்டும் என்றது. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய கடும் நோய் கண்டவர் மட்டுமே வெளியேறலாம். ஏழைகளைத் தேடிப் போய்ப் பணி செய்ய விரும்பிய பெண்ணுக்கு இதன் பிறகு இரண்டே வழிகள் மிஞ்சின. கன்னியராகாமல் இருக்க வேண்டும், அல்லது சட்டம் கன்னியர் என்று கருதாத ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாம் வழியைத் தெளிவாக வகுத்தவர் ரோம் நகரத்து பிரான்செஸ்கா. 1384இல் பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவரைப் பன்னிரண்டு வயது வாக்கில் த்ராஸ்தேவரே பகுதியின் லொரென்சோ பொன்சியானிக்கு மணம் செய்து கொடுத்தார்கள். மடத்தில் சேர வேண்டும் என்பதே சிறுமியின் விருப்பமாக இருந்தது. அப்போது திருத்தந்தை பதவிக்கு ஒரே சமயத்தில் இருவரும் பின்பு மூவருமாக உரிமை கோரிக்கொண்டிருந்தார்கள். நேப்பிள்ஸ் அரசன் லதிஸ்லாவின் படைகள் ரோமுக்குள் புகுந்தன. பஞ்சமும் கொள்ளைநோயும் தொடர்ந்தன. பிரான்செஸ்கா தம் பிள்ளைகளில் இருவரை இழந்தார். வீட்டுத் தானியக் களஞ்சியத்தையும் திராட்சை ரசக் கிடங்கையும் ஏழைகளுக்குத் திறந்துவிட்டார், மாளிகையின் ஒரு பகுதியையே நோயாளிகளுக்கு ஒதுக்கினார். கணவரின் சகோதரன் மனைவி வன்னோத்சாவும் அவருடன் துணை நின்றார். ஊருக்கு வெளியே புனித பவுல் பேராலயத்தை ஒட்டிய தம் தோட்டத்தில் விறகு பொறுக்கிக் கழுதை மேல் ஏற்றி, அறிந்தவர் தெரிந்தவர் பார்க்க நகரத் தெருக்கள் வழியே ஓட்டி வந்து ஏழை வீடுகளில் இறக்கிய செய்தி பிரான்செஸ்காவின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு பிரபுப் பெண் இப்படிச் செய்வது அந்த நகரம் கண்டிராதது.

1425 ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்பு நாளில், பிரான்செஸ்காவும் அவருடைய தோழியரும் ரோமன் போரம் அருகே உள்ள சாந்தா மரியா நோவா ஆலயத்தில் தங்களை அர்ப்பணித்துக்கொண்டார்கள். அந்த ஆலயம் பெனடிக்ட் மரபின் ஒரு கிளையான ஒலிவேத்தான் துறவிகள் கையில் இருந்தது. அன்று அந்தப் பெண்கள் எடுத்தது வார்த்தைப்பாடு அல்ல. லத்தீனில் ‘ஒப்லாத்தியோ’ எனப்படும் அர்ப்பணம். அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள், குறித்த நேரத்தில் ஜெபித்தார்கள், மருத்துவமனைகளுக்குப் போனார்கள். சேர்ந்து வாழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் எட்டு ஆண்டுகளில் வலுப்பட்டது. 1433இல் கபிதோலினோ குன்றின் அடியில் தோர் தே ஸ்பெக்கி என்ற கோபுர வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். அதே ஆண்டு திருத்தந்தை நான்காம் யூஜின் இந்த அமைப்புக்கு ஒப்புதல் தந்தார்.

இந்த வீட்டுப் பெண்கள் தலைவிக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்தார்கள், அவ்வளவுதான். குடும்பச் சொத்தில் வாரிசுரிமை அவர்களை விட்டுப் போகவில்லை, சொந்த வருமானத்தையும் வைத்துக்கொள்ளலாம். அனுமதி பெற்று வெளியே போய் வரலாம். உடை கூடக் கன்னியர் உடை அல்ல; அக்காலத்து ரோமானிய விதவைகளின் கறுப்பு அங்கியும் வெள்ளை முக்காடும்தான். சட்டத்தின் கண்ணில் அவர்கள் கன்னியர் அல்லர் என்பதால் அடைப்பு ஆணை அவர்களைத் தொடவில்லை. ஆனால் வழிபாடு, வேலை, வாசிப்பு, பொதுப் பந்தி எல்லாம் பெனடிக்டின் நூல்படியே நடந்தன.

பிரான்செஸ்கா தொடக்கத்தில் இந்த வீட்டில் வசிக்கவில்லை. நோயாளியான கணவரைக் கவனித்துக்கொண்டு த்ராஸ்தேவரேயிலேயே இருந்தார். 1436இல் லொரென்சோ இறந்த பிறகே தோர் தே ஸ்பெக்கிக்கு வந்து சேர்ந்தார்; சேர்ந்ததும் தலைமை அவர் தோளில் ஏறியது. 1440 மார்ச்சில் மகன் பத்திஸ்தா நோயுற்றிருக்கிறான் என்று கேட்டு அவனைப் பார்க்கப் போனார். அங்கேயே தாமும் நோயில் விழுந்து மார்ச் 9 அன்று மகன் வீட்டில் காலமானார். அடைப்பு மடத்துக் கன்னி ஒருத்தி மகனின் படுக்கையருகே போயிருக்கவே முடியாது. இந்த வடிவம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அந்த ஒரு மரணமே விளக்கிவிடுகிறது.

ட்ரெண்ட் பொதுச்சங்கம் 1563இல் அடைப்பை மீண்டும் வலியுறுத்தியது. 1566இல் ஐந்தாம் பியுஸ் இன்னும் கடுமையாக, கூடி வாழும் துறவறப் பெண்கள் அனைவரும் முழுமையான வார்த்தைப்பாடும் அடைப்பும் ஏற்க வேண்டும் என்றார். பல சிறு சமூகங்கள் அந்த அலையில் உருமாறின, அல்லது கலைந்தன. தோர் தே ஸ்பெக்கி தன் பழைய வடிவிலேயே நின்றது. 1608இல் பிரான்செஸ்காவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. 1468இல் தீட்டிய, அவர் வாழ்க்கையைச் சொல்லும் சுவரோவியங்களோடு அந்த வீடு இன்றும் ரோமில் இயங்குகிறது.

16ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனியில் மாற்றம் எதிர்த்திசையில் வந்தது. லூனபர்க் அருகே உள்ள லூன மடம் 1172இல் தோன்றிய, பின்பு பெனடிக்ட் ஒழுங்கைக் கடைப்பிடித்த கன்னியர் இல்லம். லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்ற கோமகன் எர்ன்ஸ்ட், 1520களின் இறுதியிலிருந்து அப்பகுதி மடங்களுக்குப் போதகர்களை அனுப்பினார். கன்னியர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் எழுதிய, பெற்ற கடிதங்கள் நூற்றுக்கணக்கில் மடத்து ஏடுகளில் பதிவாகி இன்றும் கிடைக்கின்றன. இறுதியில் மடம் லூத்தரன் ஆனது, வார்த்தைப்பாடு போயிற்று, ஆனால் மடம் கலையவில்லை. லூன, எப்ஸ்டோர்ப் உள்ளிட்ட ஆறு லூனபர்க் மடங்களில் இப்போதும் தனித்து வாழும் பெண்கள் தலைவி ஒருவரின் கீழ்ச் சமூகமாக இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் குடியிருப்பு உண்டு. பழைய கட்டடங்களையும் துணிச் சித்திரங்களையும் பேணுவதும் வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவர்கள் பொறுப்பு. இவர்கள் பெனடிக்டைன்கள் அல்லர். ஆனால் ஒரு பெனடிக்டைன் இல்லம் வார்த்தைப்பாட்டை இழந்த பின்னும் பெண்களின் சமூகமாக ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் தொடர முடிந்தது என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது.

அமெரிக்காவில் அடைப்பு பற்றிய கேள்வி பள்ளிக்கூடத்தின் வழியே எழுந்தது. பவேரியாவின் ஐக்ஸ்டேட் நகரில் 1035இல் தோன்றிய புனித வால்பூர்கா மடத்திலிருந்து பெனடிக்டா ரீப் என்ற இளம் கன்னி 1852இல் இரு தோழியருடன் பென்சில்வேனியாவுக்கு வந்தார். ஜெர்மானியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போய் வரும் ஆசிரியை அடைப்பு மடத்தில் எப்படி இருப்பாள்? மடங்கள் யார் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதில் துறவி போனிபாஸ் விம்மருடன் ரீப்புக்குக் கடும் பிணக்கு ஏற்பட்டது. 1859இல் ரோம் தீர்ப்பு சொன்னது: அமெரிக்கப் பெனடிக்டைன் பெண்கள் இனி எளிய வார்த்தைப்பாடு மட்டுமே எடுப்பார்கள், ஆயர்களின் கீழ் இருப்பார்கள். ஐரோப்பியச் சகோதரிகள் எடுத்த முழுமையான வார்த்தைப்பாட்டோடு ஒப்பிடும்போது இது தகுதிக் குறைவாகவே அன்று கருதப்பட்டது. ரீப் 1862இல் மின்னசோட்டாவில் இறந்தபோது அவருக்கு வயது 36. ஆனால் அந்தக் குறைந்த தகுதியே அவர்களுக்கு வேலை செய்யும் சுதந்திரத்தைத் தந்தது. மின்னசோட்டாவின் செயின்ட் ஜோசப் ஊரில் உள்ள மடம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சகோதரிகளைக் கொண்டிருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சகோதரிகளின் எண்ணிக்கை அமெரிக்க மடங்களில் சரிந்தது. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரின் கதை இந்தச் சரிவிலிருந்து தொடங்குகிறது. அயோவாவின் சூ சிட்டியிலிருந்து 1953இல் அங்கே வந்த பெனடிக்டைன் சகோதரிகள் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றை நடத்தினார்கள். 1966இல் பள்ளியை மூடி, கட்டடத்தை எல்லாக் கிறிஸ்தவ சபையினருக்கும் தியான இல்லமாகத் திறந்தார்கள். ஆண்டுகள் போகப் போகச் சகோதரிகள் குறைந்து, மேரி டேவிட் வால்கன்பாக், ஜோஆன் கொலாஷ் இருவர் மட்டுமே எஞ்சினார்கள். இடத்தை விற்றுவிட்டு வேறு மடத்தில் சேர்வது எளிதான முடிவாக இருந்திருக்கும். அவர்கள் வேறு முடிவெடுத்தார்கள். தங்கள் வழிபாட்டில் ஏற்கெனவே கலந்துகொண்டிருந்த சீர்திருத்தத் திருச்சபைப் பெண்களையும் முழு உறுப்பினராக ஏற்பது என்று தீர்மானித்தார்கள். 2000இல் ஒரு பிரஸ்பிட்டேரியன் பெண் போதகர் தம் சபையை விட்டு விலகாமலேயே அங்கு சகோதரியானார்.

கத்தோலிக்கர் அல்லாதவரை ரோமின் சட்டத்தின் கீழ் உள்ள மடத்தில் முழு உறுப்பினராக்க முடியாது. அதனால் 2006இல் இரு சகோதரிகளும் ரோமுக்குத் தந்த வார்த்தைப்பாட்டிலிருந்து முறைப்படி விடுதலை பெற்றார்கள். சமூகம் அனைத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்குமான பெனடிக்டைன் அமைப்பாக மாறியது. நிலைத்திருத்தல், வாழ்வைத் திருத்திக்கொள்ளுதல், கீழ்ப்படிதல் என்ற பெனடிக்டின் மூன்று வாக்குகளை இந்தச் சகோதரிகள் இன்றும் தருகிறார்கள். திருச்சபைச் சட்டம் அங்கீகரிக்கும் வார்த்தைப்பாடாக அது கணக்கில் வராது. ‘சோஜர்னர்’ என்ற பெயரில், எந்த வாக்கும் தராமல் குறிப்பிட்ட காலம் தங்கிச் சகோதரிகளோடு ஜெபித்து, உழைத்து, உண்டு வாழவும் தனியாக வாழும் பெண்களுக்கு இங்கே வழி இருக்கிறது. வேலை என்றால் பெரும்பாலும் மண் வேலைதான். பனியாறு விட்டுச் சென்ற சிறு ஏரி ஒன்று வண்டல் மண்டிக் கிடந்தது, அதைத் தூர்வாரினார்கள். சோளம் விளைந்த வயல்களில் அம்மண்ணுக்குரிய புல்வெளியை விதைத்து மீட்டெடுத்தார்கள். பழைய கட்டடத்தை இடித்து, அதன் பொருள்களில் மிகப் பெரும்பகுதியை மறுபயன்பாட்டுக்கு அனுப்பி, 2009இல் எழுப்பிய புதிய மடம் பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட் பிளாட்டினம்’ தரத்தைப் பெற்றது.

மேடிசனில் சகோதரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இருப்பவர்கள் ஒப்லேட்கள்: பிரான்செஸ்காவின் தோழியரைப் போல வீட்டிலிருந்தே ஒழுங்குநூலைக் கடைப்பிடிப்பவர்கள். திருமணமானவர்கள், கைம்பெண்கள், ஆண்கள், பல சபையினர் எல்லாரும் இதில் உண்டு. பிரஸ்பிட்டேரியன் கவிஞர் கேத்லீன் நோரிஸ் பெனடிக்டைன் ஒப்லேட் ஆன அனுபவத்தைப் பற்றி 1996இல் எழுதிய நூல் அமெரிக்காவில் மிகுதியாக விற்றது. பெனடிக்ட் மரபில் இணைந்த, நம் தமிழகத்துத் தண்ணீர்ப்பள்ளியின் சாந்திவன ஆசிரமத்துக்கும் பல நாடுகளில் ஒப்லேட்கள் இருக்கிறார்கள்.

துறவற நிறுவனத்துக்குப் பொது வார்த்தைப்பாடு கட்டாயம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. துறவற வார்த்தைப்பாடு இல்லாமல் திருத்தூதுப் பணிக்காகக் கூடி வாழும் கத்தோலிக்கச் சமூகங்களுக்கு அதே தொகுப்பின் 731ஆம் விதி தனி இடம் கொடுத்திருக்கிறது. பல சபைப் பெண்கள் சமமாக வாழும் மேடிசன் போன்ற சமூகத்துக்கு அதில் இன்றுவரை பிரிவு எதுவும் இல்லை.