அங்குலத்துக்கு 26 மரை

பந்தல்குடிக்கு ரயில் கிடையாது. விருதுநகரிலிருந்து மானாமதுரை போகும் பாதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகவே போய்விடுகிறது. தெற்கே இருக்கும் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதில்லை. பஸ் அரிதாக இருந்த காலத்தில், இந்தக் கரிசல் காட்டில் பருத்தியும் மல்லியும் மிளகாயும் போட்டவர்களுக்கும், அருப்புக்கோட்டைத் தறிகளுக்கு நூல் சுமந்தவர்களுக்கும் சைக்கிள்தான் வண்டி. மழை விழுந்தால் அதுவும் நகராது. டயரில் அப்பிய கரிசல் மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டிப் பார்த்து முடியாமல் மட்கார்டைக் கழற்றப் போனால், துருப்பிடித்த போல்ட்டின் தலை ஸ்பேனருக்குள் வழுக்கி மழுங்கிவிடும். இன்னும் அழுத்தினால் மரையே போய்விடும்.

மரை போவதற்குத் துருவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அளவுக் குழப்பம் இருக்கிறது.

1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் திருகு மரைக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அவர் கணக்கில் 5/16 அங்குல போல்ட்டுக்கு, அங்குலத்துக்கு 18 மரை. சைக்கிள் செய்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. சைக்கிளில் எல்லாமே மெல்லிய குழாய். ஆழமாக மரை வெட்டினால் மிஞ்ச இரும்பு இருக்காது. 1902இல் அங்கிருந்த சைக்கிள் பொறியாளர் கழகம் தன் தொழிலுக்கென்று நுண்மரை வகுத்தது. பெரும்பாலான உறுப்புகளுக்கு அங்குலத்துக்கு 26.

ராலே, பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் என்று கப்பலில் வந்திறங்கிய வண்டிகளோடு அந்த 26 மரையும் வந்தது. 1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கூட்டோடு சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. வடக்கே 1951இல் அட்லஸ், 1956இல் ஹீரோ. வண்டி உள்ளூரில் பிறந்தது. அளவு சீமை அளவாகவே இருந்தது. அதே 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டமும் வந்ததால், ஹார்டுவேர் கடை டப்பாக்களில் மெல்ல மெல்ல மில்லிமீட்டர் நட்டுகள் நிறைந்தன.

சிக்கல் அங்கேதான். முன்சக்கர அச்சு 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் நட்டு கண்ணுக்கு அதற்குப் பொருத்தமாகவே தெரியும். 26 மரையில் ஒரு சுற்றுக்கு 0.977 மில்லிமீட்டர் நகரும். மெட்ரிக் நுண்மரை நட்டு 1 மில்லிமீட்டர் கேட்கும். முதல் சுற்றுகள் விரலாலேயே ஏறும். பிறகு இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நம்பி ஸ்பேனரை அழுத்துகிறவர், இரண்டு மரையையும் ஒருசேர அறுக்கிறார்.

காட்டர் பின்னின் கதை வேறு. பெடல் மாட்டிய கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும் இந்தச் சிறு ஆப்பை நட்டால் இழுத்து இறுக்கக் கூடாது. சுத்தியலால் தட்டி இறக்கி உட்கார வைக்க வேண்டும். நட்டு அதைக் கழலாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். நட்டை முறுக்கியே ஆப்பை இழுப்பவர் கையில் மரை போகிறது. கழற்றும்போது இன்னொரு தவறு நடக்கும். நட்டை முழுதும் எடுத்துவிட்டு நுனியில் அடித்தால், நுனி காளான்போல் விரிந்து துளைக்குள் சிக்கிக்கொள்ளும். அனுபவசாலிகள் நட்டை நுனிமட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, நட்டின்மேல் ஒரே அடி ஓங்கிப் போடுவார்கள். தயங்கித் தயங்கிப் போடும் பத்து அடி, துணிந்து போடும் ஓர் அடிக்கு ஈடாகாது.

இந்த வித்தை சைக்கிளோடு கப்பலில் வரவில்லை. உளி, அரம், நெருப்பு எல்லாம் கொல்லுப்பட்டறையில் ஏற்கெனவே இருந்தவை. கொழு அடித்த கைக்கு இறுகிய நட்டைப் பிளப்பது கடினமில்லை. இன்று மோட்டார் சைக்கிள் பெருகிச் சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன. ஆனால் 2001-02இல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் மற்றவர்களுக்கும் விரிந்த அரசின் விலையில்லாச் சைக்கிள்கள் கிராமத்துத் திண்ணைகளில் நிற்கின்றன. பழுதானால் வீட்டிலேயே கைவைக்க வேண்டியிருக்கிறது.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டை முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் போல்ட்டின் தலையில் லேசாகத் தட்டினால் துரு உதிரும். மழுங்கிய தலையின் எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் ராவித் தட்டையாக்கினால் ஒரு சைஸ் சிறிய ஸ்பேனர் பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் உளியை விளிம்பில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் தட்ட வேண்டும். எது கழலும் திசை என்று முன்பே பார்த்துக்கொள்வது முக்கியம்: இடது பெடலுக்கு மரை தலைகீழ், எல்லோருக்கும் பழகிய பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

தலையே முறிந்து, உடல் துளைக்குள் நின்றுவிட்டால் லேத்து பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே துளை போட்டு எடுத்துவிட்டு, ஒரு சைஸ் பெரிதாக மில்லிமீட்டர் மரை போட்டுத் தருவார்கள். அதன் பிறகு அந்த வண்டியில் ஒரு துளை மில்லிமீட்டர், மற்றதெல்லாம் அங்குலம். அடுத்து ஸ்பேனர் பிடிப்பவரிடம் அது எந்தத் துளை என்று சொல்லி வைக்க வேண்டும்.