விதைத்த ஊரும் அறுத்த ஊரும்

தோற்றவனுக்கு முதல் பந்தியில் இலை போடும் போட்டி ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், பருவ முடிவில் கடைசி இடத்தில் நிற்கும் அணியே புதிய இளைஞருள் தலைசிறந்தவரை முதலில் தெரிவு செய்யும் என்பது நெடுநாள் வழக்கு. இத்தேர்வை 'டிராஃப்ட்' என்பர். வலிய அணிகளே என்றும் வென்றுகொண்டிராமல் காப்பது இதன் நோக்கம். 1995 முதல் குலுக்கல் முறையும் இதனோடு சேர்ந்தது.

இவ்வழியில் மீண்டெழுந்த அணிகளுள் கனடாவின் கியூபெக் நகரத்து நார்டிக்ஸ் அணியின் வரலாறு தனித்துவமானது. 1989-90 பருவத்தின் 80 ஆட்டங்களில் அது வென்றவை 12 மட்டுமே. தோல்வியின் பயனாக 1989இல் மாட்ஸ் சுண்டின், 1990இல் ஓவன் நோலன், 1991இல் எரிக் லிண்ட்ரோஸ் என மூன்றாண்டுகள் தொடர்ந்து முதல் தேர்வு அதற்கே வாய்த்தது. லிண்ட்ரோஸோ அவ்வணிக்கு ஆட மறுத்து ஓராண்டு ஒதுங்கி நின்றார். 1992இல் பிலடெல்பியா அணி அவரைப் பெற்றுக்கொண்டு, இளைஞர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உள்ளிட்ட பலரையும், முதற்சுற்றுத் தேர்வுரிமைகளையும், 1.5 கோடி டாலரையும் ஈடாக அளித்தது. அடுத்த பருவத்திலேயே நார்டிக்ஸ் 47 ஆட்டங்களை வென்றது.

பயிர் முற்றியது, களஞ்சியம்தான் இல்லை. வீரர்களின் ஊதியம் அமெரிக்க டாலரில். வருவாயோ கனடிய டாலரில். நகரும் சிறியது. புதிய அரங்கிற்காக மாகாண அரசிடம் கேட்ட உதவி கிட்டவில்லை. 1995இல் அணி விற்கப்பட்டு, அமெரிக்காவின் டென்வர் நகரில் 'கொலராடோ அவலாஞ்ச்' ஆயிற்று.

அங்கு ஆடிய முதல் பருவத்திலேயே, 1996இல், ஸ்டான்லி கோப்பையை வென்றது. தலைவர் ஜோ சாக்கிக், 1987இல் கியூபெக் 15ஆவதாகத் தெரிவு செய்தவர். கோல்காவலர் பாட்ரிக் ருவாவைப் பெற மாண்ட்ரியாலுக்குக் கொடுக்கப்பட்டவர்களுள் ஒருவர், பிலடெல்பியா அளித்த உரிமையால் தெரிவான ஜோசலின் திபோ. முதல் தேர்வுகளான மூவருள் ஒருவரும் அன்று அணியில் இல்லை என்பதும் கருதத்தக்கது.

தோற்றவர்க்கு ஈடு செய்யும் விதி, அணியின் உரிமையாளரையே தோற்றவராகக் கணக்கிடுகிறது. தோல்விக் காலத்திலும் சீட்டு வாங்கி இருக்கைகளில் அமர்ந்திருந்த ஊரார் அக்கணக்கில் வருவதில்லை. 2015இல் கியூபெக்கில் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. லீக் அணி எதுவும் அங்குத் திரும்பவில்லை.