சைதாப்பேட்டைக்கு வந்த தேகப்பயிற்சி

நம் குழந்தைகளின் பள்ளிக் கால அட்டவணையில் "பி.டி." என்று இரண்டே எழுத்தில் ஒரு கட்டம் உண்டு. கணக்குப் பாடம் முடியாமற் போனால் முதலிற் பலியாவது அந்தக் கட்டமே. பெற்றோராகிய நாமும் அது குறித்து எவரிடமும் முறையிடுவதில்லை. உள்ளூர மகிழ்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது, யார் கொணர்ந்தார், எதற்காகக் கொணர்ந்தார் என்பது நம்மவர்க்கு மிக நெருங்கிய வரலாறு. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் சிற்றூர்களில் முளைத்த முறை சென்னைச் சைதாப்பேட்டையிலே வேர்விட்டு, அங்கிருந்து இந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கும் சென்றது. மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, இதனையே எழுதத் துணிந்தேன்.

அமெரிக்கருக்குத் தொடக்கத்தில் இத்துறையில் சொந்தச் சரக்கு ஏதுமில்லை. 1825-ஆம் ஆண்டு நார்த்தாம்ப்டன் நகரில் ரவுண்டு ஹில் என்னும் பள்ளியில் சார்லஸ் பெக் என்ற ஜெர்மானியர் தம் நாட்டு முறைப்படி கம்பங்களிலும் ஏணிகளிலும் பயிற்சி கற்பித்தார். பிறகு ஸ்வீடன் நாட்டு லிங் என்பவரின் முறை வந்தது. அதில் கருவிகளைவிடக் கட்டளைக்கே முதலிடம்: கையை உயர்த்து, பக்கவாட்டில் நீட்டு, தாழ்த்து. கலிபோர்னியா 1866-இலேயே பள்ளிகளில் தேகப்பயிற்சி வேண்டுமெனச் சட்டம் செய்தது. 1889-இல் பாஸ்டனில் ஒரு மாநாடு கூடி, ஜெர்மன் முறையா, ஸ்வீடன் முறையா என்று அறிஞர்கள் வாதிட்டனர். மறு ஆண்டே பாஸ்டன் பள்ளிகள் ஸ்வீடன் முறையை ஏற்றன. இத்தனை வாதத்திலும், பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அதில் விருப்பம் உண்டா என்ற வினாவுக்கு அதிக இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அவ்வினா ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஓர் இக்கட்டாக எழுந்தது. கிறிஸ்தவ வாலிபர் சங்கம், அதாவது நாம் ஒய்.எம்.சி.ஏ. என்று அறிந்த ஸ்தாபனம், அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தது. குளிர்காலம், வெளியில் பனி, கூடத்துக்குள் நாள்தோறும் கைகால் அசைக்கும் பயிற்சியால் சலித்துப்போன 18 மாணவர்கள். அவ்வகுப்பை எடுத்த ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றனர். தலைமை வகித்த லூதர் குலிக், கனடா நாட்டவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரை அழைத்து, கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை உண்டாக்குமாறு பணித்தார். நெய்ஸ்மித் பள்ளிப் பணியாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார்; அவர் பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொணர்ந்து கொடுத்தார். மாடத்தின் கைப்பிடிச் சட்டம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. கூடைகள் அதில் அறையப்பட்டன. இன்றும் உலகெங்கும் கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில் நிற்பதற்குக் காரணம், அந்தக் கூடத்தைக் கட்டிய கொத்தனார் மாடத்தை அவ்வுயரத்தில் வைத்ததே. 1891 டிசம்பரில், பக்கத்துக்கு 9 பேராக, 13 விதிகளுடன் முதல் ஆட்டம் நடந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால், பந்து விழுந்த ஒவ்வொரு தடவையும் ஏறி எடுக்க வேண்டியிருந்தது!

நான்கு ஆண்டுகள் கழித்து, அருகிலுள்ள ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் என்பவர் கைப்பந்தை அமைத்தார். ஓடியாடும் கூடைப்பந்து வயது சென்ற வியாபாரிகளுக்கு மூச்சு வாங்கச் செய்தது. அவர்களுக்கென்றே அமைந்த இலகுவான ஆட்டம் இது. மேசை முன் குனிந்து நாளெல்லாம் பேரேடு எழுதும் என்போன்ற குமாஸ்தாக்களுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் இவ்வாட்டம் ஏன் இத்தனை பிடித்திருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ?

குலிக் என்பாரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். நம்மவர்க்கு மிகவும் பயன்படக்கூடியது அவர் செய்த காரியமே என்பது என் எண்ணம். அவர் நியூயார்க் நகரப் பள்ளிகளின் தேகப்பயிற்சிக்குத் தலைவராகி, 1903-இல் பொதுப் பள்ளிகளின் விளையாட்டுக் கழகம் ஒன்றை அமைத்தார். அங்கேயும் நம் ஊர்களைப் போலவே, பள்ளியில் வேகமாக ஓடும் நாலைந்து பிள்ளைகள் பரிசு வாங்க, மற்றவர் கைதட்டுவதே வழக்கமாக இருந்தது. குலிக்கின் கழகம் இரண்டு மாற்றங்கள் செய்தது. முதலாவது, எவரையும் வெல்லாமலே பெறத்தக்க பதக்கம். சிறுவன் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே எழும்படி 4 முறை உடலைத் தூக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே 5 அடி 9 அங்குலம் தாண்ட வேண்டும். குறித்த நேரத்தில் 60 கஜம் ஓட வேண்டும். இவற்றைச் செய்தவர் அனைவருக்கும் பதக்கம் உண்டு. இரண்டாவது, வகுப்புப் போட்டி. ஒரு வகுப்பில் நூற்றுக்கு 80 பேராவது கலந்துகொள்ள வேண்டும். அனைவரும் தாண்டிய தூரத்தைக் கூட்டி வகுத்து வரும் சராசரியே அவ்வகுப்பின் மதிப்பெண். இதனால் நேர்ந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். பருத்த பையனும் மெலிந்த பையனும் தாண்டும் ஒவ்வோர் அங்குலமும் வகுப்பின் கணக்கில் ஏறுகிறது. முன்பு அவனை நகைத்தவர்கள் இப்போது அவனுக்குப் பழக்கம் தருகிறார்கள். 1905-இல் சிறுமியர்க்கும் தனிப் பிரிவு தோன்றி, பல நாட்டு நாடோடி நடனங்கள் கற்பிக்கப்பட்டன. கும்மியும் கோலாட்டமும் நம்மிடம் எக்காலமும் இருந்தனவே என்று தாய்மார்கள் கேட்கலாம். இருந்தன; ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அவை தேகப்பயிற்சி என்று மதிக்கப்பட்டனவா?

நிற்க. நம் நாட்டு நிலை யாது? சிலம்பம், மல்யுத்தம், சடுகுடு, தண்டால் எல்லாம் ஊரில் செழித்திருந்தன. பள்ளியில் மட்டும் டிரில். பெரும்பாலும் சேனையிலிருந்து ஓய்வு பெற்றவர் டிரில் மாஸ்டராக வந்து, ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழ் உச்சரிப்பில் முழங்குவார். அவர் ஒழுங்கைக் கற்பித்தார் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வளரும் எலும்பைப் பற்றியோ இருதயத்தைப் பற்றியோ அவருக்கு எவரும் எதையும் கற்பித்திருக்கவில்லை. அவரைக் குறை கூறுவது நியாயமன்று.

1908-இல் டாக்டர் கிரே என்னும் அமெரிக்கர் கல்கத்தாவுக்கு ஒய்.எம்.சி.ஏ.வின் தேகப்பயிற்சி இயக்குநராக வந்தார். அவருக்குப் பின் 1919-இல் சென்னைக்கு வந்தவரே ஹாரி குரோ பக். பென்சில்வேனியாவில் 1884-இல் பிறந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். அமெரிக்கரைக் கொண்டு இந்தியப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதால் ஒரு தலைமுறைகூட நிலைக்காது, இந்திய ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்று தெளிந்து, 1920-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர் ஐந்தே பேர். அவ்வைந்து பேரில் வளர்ந்ததே இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவில் இவ்வகையில் முதலாவது என்று போற்றப்படுவது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு அருகே விரிந்த நிலத்தில் அது நிலைபெற்றமையால், பழைய தலைமுறையினர் "சைதாப்பேட்டை டிரெயினிங்" என்றே அதைக் குறிப்பிடுவர். உடற்கூறு, உடலியல், சுகாதாரம், ஆட்டங்களின் விதி, ஆட்டத்தை நடத்தும் முறை ஆகிய யாவும் பாடங்கள். பக் தொகுத்த விளையாட்டு விதிகள் நூல் பல பதிப்புகள் கண்டு, நாடெங்கும் ஆசிரியர்களின் கைப்புத்தகமாயிற்று. அமெரிக்க ஆட்டங்களோடு நில்லாமல் நம் நாட்டு ஆட்டங்களையும் பயிற்சிகளையும் பாடத்தில் சேர்த்தார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். அயல்நாட்டுச் சரக்கை இறக்குமதி செய்பவர் பலர். இறங்கிய ஊரின் சரக்கையும் மதித்தவர் சிலரே.

நாம் வாழும் இந்நகரத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. டோராப்ஜி டாடாவின் தலைமையில் இந்திய ஒலிம்பிக் இயக்கம் கருக்கொண்ட காலத்தில், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனும் பக்கும் மாகாணந்தோறும் பயணம் செய்து ஒலிம்பிக் சங்கங்களை உண்டாக்கினார்கள். 1924 பிப்ரவரியில் அகில இந்தியப் போட்டிகள் டெல்லியிலே நடந்து, அதில் தேர்ந்தவர்கள் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றனர். குழுவின் நிர்வாகியாகச் சென்றவர் பக். அக்குழுவில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடிய சி. கே. லக்ஷ்மணன், அன்றைய சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் இந்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநராக இதே டெல்லியில் பதவி வகித்தார். ஓடினால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர்கள் இச்செய்தியைக் குறித்துக்கொள்ளலாம்.

பக் 1943 ஜூலையில் சென்னையிலேயே காலமானார். அவருடைய மனைவியார் மேரி பக்கும் அக்கல்லூரிப் பணியில் அவருக்குத் துணை நின்றவர்.

அவர் மறைந்த பின் அமெரிக்காவில் வேறொரு திருப்பம் ஏற்பட்டது. 1950-களில் கிராஸ், வெபர் என்ற மருத்துவர்களின் பெயரால் வழங்கும் ஆறு எளிய தசைப் பரிசோதனைகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்விட்சர்லாந்துப் பிள்ளைகளுக்கும் நடத்தப்பட்டன. அமெரிக்கப் பிள்ளைகளில் நூற்றுக்கு 57.9 பேர் ஏதேனும் ஒன்றில் தவறினர், ஐரோப்பியரில் 8.7 பேரே. காரும், மாடிக்கு மின்தூக்கியும், உட்கார்ந்து பார்க்கும் பெட்டியும் செய்த வேலை என்று ஆராய்ந்தவர்கள் கூறினர். திடுக்கிட்ட ஜனாதிபதி ஐஸன்ஹோவர் 1956-இல் இளைஞர் உடல்தகுதிக்கென ஒரு சபையை நிறுவினார். 1966 முதல் ஜனாதிபதியின் பெயரால் விருது வழங்கப்பட்டது; ஆனால் தேசிய அளவில் மேல்தட்டில் நின்ற சிலருக்கே அது கிட்டியது. எல்லாருக்கும் எட்டும் பதக்கம் தந்த குலிக்கின் நாடு, வகுப்பார் முன்னிலையில் கம்பியில் தொங்கித் தோற்ற பிள்ளைகளின் மனக்கசப்பையும் சேர்த்துக்கொண்டது. அவ்விருது 2012-இல் கைவிடப்பட்டு, அவரவர் ஆரோக்கியத்தை அளக்கும் முறை வந்தது. 2025-இல் பழைய பரிசோதனையை மீட்க ஆணை பிறந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவியர்க்குச் சம உரிமை தந்தது அங்கே நடந்த பெரும் நன்மை. மற்றபடி, நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் அங்கு இல்லை. ஒவ்வொரு மாகாணமும் தனக்கென விதி வைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் 1957-இல் குவாலியரில் லக்ஷ்மிபாய் கல்லூரி தோன்றியது. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம். 2018-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பீரியட் உடற்கல்விக்கு ஒதுக்க வேண்டுமென ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை மைதானத்தில் இருக்கிறானா என்பதை நாம்தாம் கேட்க வேண்டும். நாமோ மதிப்பெண் தாளைப் பார்க்கும் நாளன்றித் தேகப்பயிற்சி ஆசிரியரின் முகத்தையே பார்ப்பதில்லை. கரோல் பாக்கின் சந்துகளில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. குழந்தை எங்கே ஓடும்? பனிக்காலம் வந்தால் காற்றிலே புகை நிறைந்து, வெளியில் விளையாட்டு வேண்டாமென்று உத்தரவும் வந்துவிடுகிறது. ஆகவே எஞ்சிய நாட்களின் அந்த ஒரு பீரியட், ஊரில் தோப்பும் குளமும் கண்டு வளர்ந்த நமக்கு இருந்ததைவிட, நம் பிள்ளைகளுக்குப் பன்மடங்கு அவசியமானது. பெண் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் உண்மை. பத்து வயதுக்கு மேல் அவர்களைத் தெருவில் விளையாட நாம் விடுவதில்லை. பள்ளி மைதானம் ஒன்றே அவர்கள் மூச்சிரைக்க ஓடத்தக்க இடம்.

சங்கச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாப் போட்டிகளில் ஓட்டப்பந்தயமும் கரண்டியில் எலுமிச்சை வைத்து நடப்பதும் இருக்கட்டும். வென்ற பிள்ளைகளே மறு ஆண்டும் வெல்லட்டும், தவறில்லை. அவற்றோடு, வரும் ஆண்டு குலிக்கின் வகுப்புப் போட்டியையும் ஒருமுறை நடத்திப் பார்க்கலாம். தெருவாரியாகக் குழு அமைத்து, ஒவ்வொரு தெருவிலும் நூற்றுக்கு 80 குழந்தைகளாவது, ஆணும் பெண்ணுமாக, நின்ற இடத்திலிருந்து தாண்ட வேண்டும்; சராசரி எத்தெருவுக்கு அதிகமோ அத்தெருவுக்குக் கோப்பை. அஜ்மல் கான் பூங்காவின் ஓர் ஓரம், சுண்ணாம்புக் கோடு ஒன்று, அளவு நாடா ஒன்று இருந்தால் போதும். கூட்டி வகுக்கும் கணக்கு வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.