‘டன்ஸ்’ : ஓர் இழிபொருட்பேற்றின் வரலாறு

ஒரு சொல் தன் பழைய பொருளினின்றும் தாழ்ந்து இழிந்த பொருளை உணர்த்துவதனை இழிபொருட்பேறு என்பர் மொழிநூலார். முன்னர் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல் இன்று தீய மணத்தையே குறிப்பது நாம் அறிந்த சான்று. ஆங்கிலத்தில் மந்தமதியுடையானைக் குறிக்கும் ‘டன்ஸ்’ என்னும் சொல்லும் இவ்வகையினதே. ஆயினும், இது நுண்ணறிவாற் புகழ்பெற்ற ஒருவரின் பெயரினின்று பிறந்தது என்பது வியப்பிற்குரியது. கூர்மை மந்தமாய் மாறியது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஸ்காட்லாந்தில் டன்ஸ் என்னும் சிற்றூரில் 1266ஆம் ஆண்டளவில் தோன்றியவர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ். பிரான்சிஸ்கன் துறவியாகிய இவர் 1291இல் குருப்பட்டம் பெற்றார். ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் இறையியலும் மெய்யியலும் கற்பித்து, 1308இல் கொலோன் நகரில் மறைந்தார். பொருள்களிடையே பிறர் காணாத நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டு பிரித்துரைத்தமையின், ‘நுண்மதி ஆசான்’ என்னும் சிறப்புப்பெயர் இவர்க்கு வழங்கலாயிற்று. இவர் கொள்கையைப் பின்பற்றியோர் இரு நூற்றாண்டுகட்கு மேல் பல்கலைக்கழகங்களில் ஓங்கி நின்றனர்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. கிரேக்க இலத்தீன் இலக்கியங்களை மூலத்திலேயே பயிலவேண்டும் என்ற புதுக்கல்வியாளர் ஒருபாலும், சமயச் சீர்திருத்தக்காரர் மற்றொருபாலும் டன்ஸின் வழியினரை எதிர்த்தனர். 1535இல் எட்டாம் ஹென்றியின் ஆணையாளராக ஆக்ஸ்போர்டு சென்ற ரிச்சர்ட் லேய்ட்டன், டன்ஸைச் சிறையிலடைத்துப் பல்கலைக்கழகத்தினின்றும் நிலையாக வெளியேற்றிவிட்டதாகத் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதினார். நியூ காலேஜ் முற்றத்தில் டன்ஸின் ஏடுகள் காற்றிற் பறந்ததனையும், அவற்றை ஒருவர் மான்களை வெருட்டுதற்குப் பொறுக்கியதனையும் அம்மடல் கூறுகின்றது.

இம்மடலிற் சிறைப்பட்ட ‘டன்ஸ்’ யார்? ஆசிரியர் மறைந்து 227 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆதலின் அச்சொல் ஈண்டு அவருடைய நூலையே குறித்தது. ‘திருவள்ளுவரைப் படித்தான்’ என்பதனை நம் இலக்கணநூலார் கருத்தாவாகுபெயர் என்பர்; அஃது இதுவே. டன்ஸின் பெயரால் அவர் நூலையும் அவர் நெறியிலமைந்த பாடநூலையும் சுட்டுதல் அக்கால வழக்கு.

எதிரிகள் பழித்தமையால் பெயர் வசையாயிற்று என்று கூறி அமைவோர் பலர். அது வசையானதனை விளக்குமேயன்றி, மந்தமதியைக் குறித்ததனை விளக்காது. இடைப்பட்ட காலத்துச் சான்றுகளை நோக்குதல் வேண்டும். ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுதியில் 1577இல் எழுதிய ஸ்டானிஹர்ஸ்ட், சொற்போரிலோ நுண்தருக்கத்திலோ பிறரை விஞ்சுவோனுக்கே ‘டன்ஸ்’ பட்டப்பெயர் என்கிறார். 1578இல் வெளிவந்த ‘யூபியூஸ்’ என்னும் நூலிலோ ஜான் லிலி, எளிதில் விளங்கிக்கொள்ளாதவனை வேறொரு சொல்லாற் சுட்டி, ஓயாது நூல் பயில்வோனுக்கே ‘டன்ஸ்’ என்பதனை உரியதாக்குகிறார். எனவே, அக்காலத்தும் அச்சொல் வெறும் அறிவிலியைக் குறிக்குஞ் சொல்லாக முற்றும் அமைந்திலது என்பது பெறப்படும்.

இச்சான்றுகளால் ஊர், ஆசிரியர், நூல், அந்நூலையே பற்றி நிற்போன், நூலறிவன்றிப் பிறிதறியான், அறிவிலி என இச்சொல் படிப்படியாக இழிந்தது என்று கொள்கிறோம். கூர்மைக்கும் மந்தத்திற்கும் இடையே பாலமாக நின்றது நூலே. அலெக்சாண்டர் போப் மந்தத்தையே ஒரு தெய்வமாக்கி 1728இல் ‘டன்சியட்’ என்னும் எள்ளற்காப்பியத்தை வெளியிட்டபோது, பழம்பொருள் பெரிதும் மறைந்திருந்தது.

மந்த மாணவர் தலையிற் கவிழ்த்த கூம்புத் தொப்பியை டன்ஸே அறிவு பெருகுதற்பொருட்டுப் பரிந்துரைத்தார் என்றொரு கதையும் உண்டு. அவர் காலத்துச் சான்று எதுவும் காட்டப்படாமையின் அதனைக் கொள்ளுதற்கில்லை. சொல்லின் பிற்காலப் பொருளை விளக்கப் புனைந்த கதையாகவே அது தோன்றுகின்றது.

மரியாளின் அமல உற்பவம் பற்றி டன்ஸ் வாதிட்டு நிறுவிய கருத்தினை 1854இல் கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது. அவருடைய நூல்களின் ஆராய்ச்சிப் பதிப்பு 1950 முதல் வெளிவரலாயிற்று. 1993இல் அவர் முத்திப்பேறு பெற்றோராக ஏற்கப்பெற்றார். சொல் மட்டும் மீளவில்லை.

‘டன்ஸ்’ என்னும் சொல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆசிரியருக்குச் சான்றன்று. அவர் நூலை ஆராயாது காத்தோருக்கும், ஆராயாது கிழித்தோருக்குமே சான்று. சொற்பொருளைக் கொண்டு வரலாறு எழுதப் புகுவோர், அப்பொருள் எக்காலத்தது, எவர் தந்தது என்னும் இரண்டனையும் முதற்கண் தெளிதல் வேண்டும்.