பாடலும் பேச்சும்: ‘பினாக்கா கீத்மாலா’வும் வானொலிப் பொதுமொழியும்

வானொலியில் பாடல்களுக்கிடையே நிகழும் பேச்சு, இடைவெளியை நிரப்புவதாகவே பெரிதும் கருதப்படுகிறது. அப்பேச்சு ஒரு பொதுமொழியையே பரப்பியது என்பதைப் ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சியின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1952இல் தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், செவ்விசையை முன்னிறுத்தி அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்தார். நேயர்கள் இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பை நாடினர். அவ்வாண்டின் இறுதியில் அமீன் சயானியின் கீத்மாலா அங்குத் தொடங்கியது. பம்பாயில் பதிவுசெய்யப்பெற்று, கொழும்பிலிருந்து ஒலிபரப்பாயிற்று. நேயர் கடிதங்கள் அதன் உயிர்நாடியாயின.

சயானி, சகோதரிகளை முதலிலும் சகோதரர்களை அடுத்தும் விளித்தார். அரசு வானொலியின் வடமொழி மிகுந்த இந்திக்கு மாறாக, அவர் எளிய இந்துஸ்தானியில் உரையாடினார். இதன் வேர் வீட்டிலேயே இருந்தது எனலாம். அவருடைய தாயார் குல்சூம் சயானி, புதிதாக எழுத்தறிவு பெற்றோருக்காக ‘ரஹ்பர்’ இதழை நாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் நடத்தியவர். அச்சில் எழுத்துவகையால் பிரிந்துநின்ற மொழி, செவிக்கு ஒன்றாகவே சென்றடைந்தது.

1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கிய அரசு வானொலி, திரைப்பாடலுக்கு மீண்டும் இடமளித்தது. 1989இல் கீத்மாலாவும் அங்கு வந்துசேர்ந்தது.

உரைநடை வரலாறு அச்சேறிய நூல்களை மட்டுமே சான்றாகக் கொள்ளுமாயின், எழுத்தறியாதோரும் கேட்டுப் பழகிய இம்மொழி அதில் இடம்பெறாமற்போகும். ஒலிப்பதிவுகளையும் இலக்கிய வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.