தண்டவாளத்தைக் கடக்கும் குழாய்: ஒரு சிறு வரலாறு



"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. இந்தப் பக்கம் வர மட்டும் ஏன் இத்தனை காலம்?" நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பதில் தேடினால் வெள்ளைக்காரர் காலத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் சேவை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தொடங்கியது. பாதைகள் பெருகின, அவற்றின் இருபுறமும் ஊர்கள் வளர்ந்தன. குடிநீர், சாக்கடை, மின்சாரம் எதுவானாலும் ரயில்வே நிலத்தைத் தாண்ட வேண்டிய நிலை வந்தது.

1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்தது. தன் பணிக்குத் தேவைப்பட்டால் குழாய், மின்கம்பி, வடிகால் ஆகியவற்றை இடம் மாற்ற ரயில்வேக்கு அதிகாரம் தந்தது. ஆனால் முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது தண்ணீரும் மின்சாரமும் தடைப்படாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. இன்று நடைமுறையில் உள்ள 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் இடம் மாற்றும் அதிகாரமும் அறிவிப்பு நிபந்தனையும் தொடர்கின்றன.

அடுத்த திருப்பம் மின்சார ரயில். 1931இல் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1,500 வோல்ட் மின்சாரத்தில் ரயில் ஓடத் தொடங்கியது; பிற்காலத்தில் அது 25,000 வோல்ட்டாக மாறியது. அந்தக் கம்பிக்கு மேலே தெரு மின்கம்பி ஒன்று அறுந்து விழுந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் 1987ஆம் ஆண்டு ரயில்வே விதிமுறைகள், 11,000 வோல்ட் வரையிலான மின்தடங்கள் பொதுவாக நிலத்தடி கேபிளாகவே கடக்க வேண்டும் என்றன.

குழாய்க்கும் இதே கவனம்தான். தண்டவாளத்தின் அடியில் முதலில் ஒரு உறைக்குழாயைச் செலுத்தி, அதற்குள்தான் நம் குழாயை நுழைப்பார்கள். உள்ளே கசிவு ஏற்பட்டாலும் தண்டவாளத்தைத் தாங்கும் மண் கரையாது. பழுதானால் ரயிலை நிறுத்தாமலே குழாயை உருவி மாற்றலாம்.

கட்டணத்திலும் மாற்றம் வந்தது. 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற ரயில்வே நிலக் கொள்கையின்படி, கண்ணாடி இழைக் கேபிளும் சிறு விட்டமுள்ள நிலத்தடித் தடங்களும் தண்டவாளத்தைக் கடக்க ஒருமுறைக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் இந்த அனுமதியால் நிலம் நமதாகிவிடாது. கடந்து செல்லும் உரிமை மட்டுமே கிடைக்கும்.

ஆகவே, "ரயில்வே விடமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். குழாய் போடும் துறை ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பித்ததா, எந்தத் தேதியில், வரைபடத்தில் என்ன திருத்தம் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். பல நேரங்களில் தாமதம் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு வேண்டுகோள். அவசரத்துக்கு ராத்திரியில் தண்டவாளத்தின் மேலே ஒயர் வீசிக் கட்டும் வழக்கம் வேண்டாம். அனுமதியின்றி ரயில்வே நிலத்தில் நுழைவதே 147ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, ஒயர் வீசுபவரின் தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட்.